மெலிந்த குதிரைப் பாதிரியாரின் ஊர்

இங்கிலாந்தில், யார்க் நகரத்துக்கு வடக்கே சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது காக்ஸ்வோல்டு. ரயில் கிடையாது, பஸ்ஸை நம்பிப் போக முடியாது. கார் ஏற்பாடு செய்துகொள்வதுதான் உத்தமம். மேடேறிப் போகும் ஒரே தெரு. பாதி வழியில் ஒரு மதுக்கடை, மேட்டின் மேல் கோயில், கோயிலைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் ஷாண்டி ஹால். பேரைக் கேட்டு மாளிகை என்று நினைத்துவிட வேண்டாம். பதினைந்தாம் நூற்றாண்டில் குருமனையாகக் கட்டிய, தாழ்ந்த கூரையும் அளவுக்கு மீறிய பெரிய புகைபோக்கியும் கொண்ட வீடுதான் அது.

1760இல் இந்த ஊருக்குக் குருவானவராக வந்தார் லாரன்ஸ் ஸ்டெர்ன். இருபது வருடத்துக்கு மேல் சட்டன் என்கிற பக்கத்துக் கிராமத்தில் ஊழியம் பார்த்தவர், நெஞ்சில் காசநோய். இங்கே உட்கார்ந்துதான் 'டிரிஸ்ட்ராம் ஷாண்டி' நாவலின் பிற்பகுதிகளை எழுதினார். ஆனால் அவரை எழுத்தாளராக்கியது ஒரு சேகரச் சண்டை, அதாவது திருச்சபை வட்டாரத்துக்குள் நடக்கும் சண்டை. எனக்குப் பிடித்த கதை அதுதான்.

யார்க் பேராயரின் திருச்சபை நீதிமன்றத்தில் வருமானமுள்ள ஒரு பதவி. அதை வைத்திருந்த வழக்கறிஞர் டாப்ஹாம், தனக்குப் பிறகு தன் மகனுக்கும் அது கிடைக்க வேண்டும் என்று காய் நகர்த்தினார். தலைமைக் குருவுக்கும் அவருக்கும் தகராறு, துண்டுப் பிரசுரங்கள், பதில் பிரசுரங்கள். ஸ்டெர்ன் 1759 ஜனவரியில் இதை ஒரு சின்னக் கிராமக் கதையாக மாற்றி அச்சிட்டார். கதையில் பேராயர் ஒரு கிராமத்துக் குருவானவர். டாப்ஹாமோ கோயிலில் குழி வெட்டி, நாய் விரட்டும் பணியாள். சண்டை எதற்கு? கோயிலில் கிடக்கும், காவல்காரர் போடும் ஒரு பழைய கனத்த கோட்டுக்கு. அதை வெட்டி மனைவிக்கு உள்பாவாடையும் தனக்கு ஒரு சட்டையும் தைத்துக்கொள்ள அந்தப் பணியாள் துடிக்கிறான். இவ்வளவுதான் கதை. திருச்சபைப் பெரியவர்கள் பதறிப்போய்ப் பிரதிகளை எரிக்க வைத்தார்கள். ஏதோ சில மட்டும் தப்பின.

திருநெல்வேலிப் பக்கம் சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் ஒரு தடவையாவது உட்கார்ந்தவர்களுக்கு இந்தக் கோட்டுக்கதையை விளக்கவே வேண்டாம். ஃபேன் வாங்கியதற்கான ரசீதில் ஆரம்பித்து, தாத்தா காலத்துப் பகையில் போய் நிற்கும் கூட்டங்கள் அவை.

எரித்தார்களே என்று மனிதர் ஓய்ந்துவிடவில்லை. அதே வருடம் நாவலை எழுத ஆரம்பித்துவிட்டார். லண்டன் பதிப்பாளர் ஐம்பது பவுண்டு கொடுக்க மறுத்ததும், முதல் இரண்டு பாகங்களை யார்க்கிலேயே சொந்தச் செலவில் அச்சிட்டார். சில மாதங்களில் லண்டனே அவரைத் தூக்கிக் கொண்டாடியது. நாவலில் வரும் குருவானவர் யோரிக்கும் ஸ்டெர்னும் ஏறக்குறைய ஒரே ஆள். யோரிக்கிடம் ஒரு காலத்தில் நல்ல குதிரைகள் இருந்தன. மருத்துவச்சி ஏழு மைல் தள்ளி, சாலையோ படுமோசம். பிரசவம் என்று யாராவது வந்து நின்றால் குதிரையைக் கொடுக்காமல் இருக்க மனசு வராது. ஒன்பது பத்து மாதத்துக்கு ஒரு குதிரை காலி. கடைசியில், இனிக் குதிரையே வாங்குவதில்லை என்று எலும்பும் தோலுமான ஒன்றிலேயே காலம் தள்ளுகிறார், ஊர் சிரிக்கிறது. பிறகு உள்ளூர் விதவை ஒருத்திக்கு மருத்துவச்சி உரிமம் வாங்க பதினெட்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் தன் பையிலிருந்து கட்டுகிறார். உடனே ஊர் என்ன சொல்கிறது? 'மறுபடி நல்ல குதிரை வாங்கத்தான் இந்த ஏற்பாடு!'

ஷாண்டி ஹாலைச் சுற்றிக் காட்டும்போது நாவலின் பழைய பதிப்புகளையும் காண்பித்தார்கள். யோரிக் சாகும் இடத்தில் ஒரு தாளின் இரு பக்கமும் முழுக்கக் கறுப்பு. மூன்றாம் பாகத்தில் பளிங்கு போல வண்ணம் ஓடிய ஒரு தாள். அந்த வண்ணத்தைக் கையால் தோய்த்து எடுத்ததால் ஒரு பிரதி போல இன்னொரு பிரதி இருக்காது. கறுப்புப் பக்கத்தின் ஓரத்தில் மை லேசாக நரைத்திருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குடும்ப வாழ்க்கை சுகமில்லை. மனைவியும் மகள் லிடியாவும் கடைசிக் காலத்தில் பெரும்பாலும் பிரான்சில். இவர் இங்கே தனியாக, ஆனால் ராஜா மாதிரி சாப்பிட்டுக்கொண்டு. மான் கறி, மீன், வாத்து, ஸ்ட்ராபெர்ரியும் பாலேடும் என்று 1767 கோடையில் நண்பருக்குப் பட்டியல் போட்டு எழுதுகிறார். சபையாரில் யார் முயல் பிடித்தாலும் தனக்கு ஒரு பங்கு வந்துவிடும் என்று பெருமை வேறு.

அந்த வருடம் அவர் மனசெல்லாம் எலிசா டிரேப்பர் மேல். நம் பக்கத்துக் கேரளக் கரையில், அஞ்சுதெங்கில் பிறந்தவள், பம்பாயில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் மனைவி. லண்டனில் சில மாதப் பழக்கம்; ஏப்ரலில் அவள் கணவனிடம் கப்பலேறிவிட்டாள். ஐம்பத்து மூன்று வயதுக் குருவானவர், அவளுக்கென்று இந்த வீட்டில் ஒரு அறையை ஒழுங்குபண்ணி, தினமும் நாட்குறிப்பு எழுதினார். அவள் வரவே இல்லை. அந்த நாட்குறிப்பு எனக்கு அலுப்புத்தான். அழுகிற ஸ்டெர்னைவிடச் சிரிக்கிற ஸ்டெர்ன் பல மடங்கு மேல்.

கோயிலை விட்டுவிடாதீர்கள். எண்கோணக் கோபுரம். உள்ளே, இவருக்கு இந்த வேலையைக் கொடுத்த ஃபாகன்பெர்க் பிரபு குடும்பத்தின் கல்லறைச் சின்னங்கள் பீடத்துக்கு முன் இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டிருக்கின்றன. செத்த பிறகும் இடம் விடவில்லை. அதனால் திருவிருந்து வாங்க முழங்கால் போடும் கம்பி, நாக்கு நீட்டியது போல ஒடுங்கி நீண்டு வருகிறது.

வெளியே சுவரோரம் ஸ்டெர்னின் கல்லறை. 1768 மார்ச்சில் லண்டனில் இறந்தவரை அங்கேயே புதைத்தார்கள். உடலைத் திருடி உடற்கூறு வகுப்புக்கு விற்றுவிட, கேம்பிரிட்ஜில் யாரோ முகத்தை அடையாளம் கண்டுகொண்டு, திரும்ப லண்டனிலேயே புதைத்தார்களாம். பிறகு நட்ட கல்லில் இறந்த தேதியே தப்பு. 1969இல் அந்த மயானத்தைக் கட்டடம் கட்டத் தோண்டியபோது, அவர் உயிரோடிருக்கையில் செதுக்கிய மார்பளவுச் சிலையோடு மண்டையோடுகளை அளந்து பார்த்து, பொருந்தியதை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். யோரிக் என்ற பெயரையே ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டில் யோரிக் என்கிற கோமாளியின் மண்டையோட்டைக் கையில் எடுக்கும் காட்சியிலிருந்து எடுத்தவருக்கு!

கூப்பிடு தூரத்தில் பிரபு குடும்பத்தின் நியூபர்க் ப்ரையரி. மன்னராட்சியை வீழ்த்தி இங்கிலாந்தை ஆண்டு, செத்த பிறகு தலை வெட்டப்பட்ட ஆலிவர் க்ராம்வெல்லின் உடலை, அந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட அவர் மகள் அங்கே ஒளித்துவைத்தாள் என்பது ஊர் நம்பிக்கை. திறந்து பார்க்க அந்தக் குடும்பம் சம்மதித்ததில்லை. இங்கே ஒரு மண்டையோடு, அங்கே தலையில்லாத ஒரு உடல், இந்த இரண்டையும் வைத்து ஒரு சேகரக் கமிட்டிக் கதை எழுதியிருக்க வேண்டிய ஆள், பாவம், அதற்குள் தானே கதைக்குள் போய்விட்டார்.