அந்த அக்காவிடம் சொன்ன பதில்

"இந்த ஆராய்ச்சியால உங்களுக்கு நேரடியா எந்தப் பிரயோஜனமும் இல்லக்கா."

சம்மதப் படிவத்தில் அச்சடித்திருப்பதைத்தான் பேச்சுவழக்கில் சொன்னேன். அதில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் பதில் மனதை விட்டு அகலவில்லை.

பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் ஊதா மூடி ட்யூபில் ரத்தம் எடுத்து, ஐஎல்-6, டிஎன்எஃப், டிஎல்ஆர்-4 போன்ற நோய் எதிர்ப்பு மரபணுக்களில் உள்ள வேறுபாடுகளை ஒப்பிடுவது எங்கள் வேலை. தம்பிக்குத் துணையாக வார்டில் இருந்த அந்த அக்கா, தானாகவே கையை நீட்டினார். ரத்த உறவு என்பதால் கண்ட்ரோலாக, அதாவது ஒப்பிடுவதற்கான நோயில்லாதவராக, சேர்க்க முடியாது என்றேன். "எனக்கும் வருமான்னு இதுல தெரியாதா சார்? அப்பாவும் குடல் கேன்சர்லதான் போனாரு" என்றார். தம்பிக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை.

என் பக்கத்து நியாயம் இது. ஐஎல்-6 மரபணுவின் முன்பகுதியில், மைனஸ் 174 என்ற இடத்தில், டிஎன்ஏ எழுத்து சிலருக்கு 'ஜி', சிலருக்கு 'சி'. இதில் எது ஆபத்து என்று கேட்டால் ஆய்வுக்கு ஆய்வு பதில் மாறுகிறது. உண்மையிலேயே விளைவு இருந்தாலும், ஆயிரக்கணக்கானவர்களை அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சிறியது. அதை ஒரு தனி ஆளிடம் சொன்னால் பயம் மட்டுமே மிஞ்சும்.

ஆனால் அவர் ஐஎல்-6 பற்றியா கேட்டார்? அப்பாவுக்கு வந்து, பிறகு தம்பிக்கும் இளம் வயதிலேயே வந்தது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது லிஞ்ச் சிண்ட்ரோம். டிஎன்ஏ நகலாகும்போது விழும் பிழைகளைத் திருத்தும் எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 ஆகிய மரபணுக்களில் ஒன்று பிறவியிலேயே பழுதாகியிருக்கும் நிலை அது. தம்பிக்கு அது இருந்தால் அக்காவுக்கும் இருக்க ஐம்பது சதவீத வாய்ப்பு. அவருக்கும் இருந்தால் ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) பார்த்தாக வேண்டும். தம்பிக்கு லிஞ்ச் இல்லை என்று தெரிந்தாலும், குடும்ப வரலாற்றுக்காக ஒருமுறையாவது பார்த்துக்கொள்வது நல்லது. லிஞ்ச் இருக்கிறதா என்பதற்கான துப்பு, தம்பியின் பயாப்சி பிளாக்கிலேயே, அதாவது மெழுகில் பதித்து வைத்த கட்டித் துண்டிலேயே, இருக்கிறது.

இதை நான் சொல்லாமல் விடவில்லை. "பிளாக்ல எம்எம்ஆர் டெஸ்ட் பாக்கச் சொல்லி டாக்டர்ட்ட கேளுங்கக்கா" என்று துண்டுச்சீட்டில் எழுதியும் கொடுத்தேன். அந்தப் பிழைதிருத்தும் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பார்க்கும் டெஸ்ட் அது. நாலாக மடித்து ஸ்கேன் கவருக்குள் வைத்தார். ஆனால் அதற்குள் முதல் பதில் போய்ச் சேர்ந்துவிட்டது. 'பிரயோஜனம் இல்லை' என்று கேட்ட காதில் அடுத்தது எவ்வளவு ஏறியிருக்கும்?

இன்னொன்றும் உறுத்துகிறது. பிழைதிருத்தும் மரபணு வேறு, எதிர்ப்புச் சக்தி மரபணு வேறு என்று நான் பிரித்துப் பேசினேன். உண்மையில் லிஞ்ச் கட்டிகளில்தான் எதிர்ப்பணுக்கள் மொய்த்துக் கிடக்கின்றன. திருத்தப்படாத பிழைகளிலிருந்து பிறக்கும் விசித்திரப் புரதங்களை அவை அந்நியமாக அடையாளம் காண்கின்றன. 2017-இல் அமெரிக்கா, இத்தகைய முற்றிய கட்டி எந்த உறுப்பில் இருந்தாலும், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைக் கொடுக்கலாம் என்று அனுமதித்ததும் இதனால்தான். அப்படியானால் எதிர்ப்புச் சக்தி அந்தக் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத விஷயமா? நாங்கள் அளந்த எழுத்து வேறுபாடுகள் அவருக்கு எதையும் சொல்லியிருக்காது என்பதில் மட்டும் இப்போதும் உறுதியாக இருக்கிறேன்.

போன் செய்திருக்கலாமே என்று தோன்றும். எங்கள் பட்டியலில் அக்கா இல்லை, தம்பிக்கும் பெயர் இல்லாமல் கோட் எண் மட்டும்தான். ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் புரட்டி எண்ணைத் தேடுவது, அவர் தராத சம்மதத்தை நானே எடுத்துக்கொள்வது. அந்த விதி அவரைப் பாதுகாக்கத்தான். அதை நான் மதிக்கிறேன். மதித்ததால் அவர் டெஸ்ட் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாமலே போகும்.

ஐம்பது வயதுக்குக் கீழுள்ள நோயாளிகளின் குடும்பத்துக்கு ஒரு பக்க விளக்கத்தாள் கொடுக்கலாமா என்று கேட்டேன். அது சிகிச்சை சம்பந்தப்பட்டது, ஆராய்ச்சியில் வராது என்றார்கள். சரியான பதில்தான். ஆனால் அறுவை சிகிச்சை ஓபி கூட்டத்தில் உட்கார்ந்து குடும்ப மரம் வரைய யாருக்கு நேரம்?

இப்போது அந்த வரியைக் கடைசியாகத்தான் வாசிக்கிறேன். அதற்கு முன், வீட்டில் வேறு யாருக்காவது குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்றுநோய் இருந்ததா என்று கேட்டுவிடுகிறேன். எங்கள் ஆய்வுத் திட்டத்தில் அந்தக் கேள்வி கிடையாது.