அகபாந்தஸும் வாய் குறுகிய தொட்டியும்

தொட்டியில் வைத்திருந்த அகபாந்தஸ் என்ற பூச்செடி நாலாவது வருஷம் ஒருவழியாகப் பூத்தது, அதுவும் ஐந்து தண்டு. மே மாதம் ஏற்காடு கோடை விழாவுக்கு வந்த சொந்தக்காரர்கள் அண்ணா பூங்காவைச் சுற்றிவிட்டு வந்து, எங்கள் வாசல் தொட்டி முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். முதல் இரண்டு வருஷமும் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள 19:19:19 உரம் போட்டு வெறும் இலையாக வளர்த்தவன் நான். சாம்பல் சத்து தரும் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் உரத்துக்கு மாறிய பிறகுதான் இந்த மரியாதை.

பூ முடிந்ததும் ஜூலையில் செடியை வெளியே எடுத்துத் துண்டுகளாகப் பிரிக்க உட்கார்ந்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வயிறு பருத்து வாய் சிறுத்த மண்தொட்டி, அழகுக்காக வாங்கியது. வேர் நெருக்கினால்தான் பூக்கும் என்று மாற்றாமலே விட்டிருந்தேன். உள்ளே மண்ணே இல்லாத மாதிரி ஆகி, ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்து அடியில் போய்க்கொண்டிருந்தது.

ராத்திரி முழுக்க அண்டாவில் ஊறவைத்தேன். ஹாக்ஸா பிளேடை ஓரத்தில் விட்டுச் சுற்றினேன். கழுத்து வரை இளகியது, வயிற்றில் அப்படியே பிடித்துக்கொண்டது. இலையைப் பிடித்து இழுத்ததில் இரண்டு கொத்து கையோடு வந்ததுதான் மிச்சம். கடைசியில் சாக்கைச் சுற்றிச் சுத்தியலால் ஒரே போடு. "ஏங்கண்ணு, ஒடைக்கிறதுக்கா காசு குடுத்து வாங்குன?" என்று அம்மா திண்ணையிலிருந்து கேட்டார். ஓடு உதிர்ந்ததும் உள்ளே அச்சு அசலாக இன்னொரு தொட்டி, முழுக்க வெள்ளை வேர். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் தடிமன்.

அந்த வேர்க்கட்டியை அறுக்கப்போய் ரொட்டிக் கத்தி வளைந்துவிட்டது. காப்பிச் செடி கவாத்து செய்யும் ரம்பம்தான் கேட்டது. ஒரு துண்டுக்கு மூன்று நான்கு குருத்தாவது இருக்கிற மாதிரி மூன்றாக அறுத்தேன். கையுறை போடாததால் சாறு பட்டு மணிக்கட்டெல்லாம் அரிப்பு. நிழலில் இரண்டு நாள் வெட்டுவாய் காயவிட்டு, இலையைப் பாதியாக நறுக்கி, செம்மண், மணல், மக்கிய சாணம் கலந்து நட்டேன். இந்த முறை நேராக இறங்கும் சிமெண்ட் தொட்டி. அடுத்த வருஷம் பூக்காது என்று இப்போதே மனசைத் தேற்றிக்கொண்டாயிற்று.

இந்த வருஷம் பூத்ததில் விதை பிடித்திருக்கிறது, போட்டுப் பார்க்கப்போகிறேன். பூவைப் பார்க்க இன்னும் மூன்று நாலு வருஷம் ஆகும். ஒரு துண்டை அக்கா சேலத்து மொட்டை மாடிக்குக் கேட்கிறாள். அந்த வெயிலில் இலை கருகாமல் நின்றாலே பெரிசு. ஆனாலும் கொடுக்கத்தான் போகிறேன்.

மூன்று துண்டில் இரண்டுதான் தொட்டி ஏறியிருக்கிறது. மூன்றாவது ஈரச் சாக்கில் சுற்றி சில்வர் ஓக் மரத்தடியில் கிடக்கிறது. அதற்கான தொட்டியைத் தொட்டிக்காரர் சனிக்கிழமை தருகிறேன் என்கிறார், போன சனிக்கிழமையும் அப்படித்தான் சொன்னார்.