லிங்க்ட்இன்னில் ஆள் பிடித்த அனுபவம்

வாடிக்கையாளர் சேவையிலிருந்து தரவை அலசிப் பார்க்கும் டேட்டா அனலிடிக்ஸ் வேலைக்கு மாறியபோது எனக்குக் கைகொடுத்தவர்கள் நெருங்கிய நண்பர்கள் இல்லை. நண்பரோடு முன்பு வேலை பார்த்தவர், அவருக்குத் தெரிந்த இன்னொருவர் என்று ஒரு படி தள்ளி இருந்தவர்கள்தான். வேலை தேடுவோரும் ஆள் தேடுவோரும் பழகும் லிங்க்ட்இன் தளத்தில் இவர்களை எப்படிப் பிடித்தாய் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ப்ரொஃபைலை மெருகேற்றுவதிலேயே மாதக் கணக்கில் உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. அவ்வளவு தேவையில்லை. முகம் தெளிவாகத் தெரியும் படம், ஒழுங்கான ஹெட்லைன், நாலு வரி அறிமுகம் போதும். ஹெட்லைனில் 220 எழுத்து வரை இடம் இருக்கிறது. பதவிப் பெயரோடு நிறுத்தாமல், "வாடிக்கையாளர் புகார்களை எஸ்க்யூஎல், எக்செல் கொண்டு அலசுகிறேன்" என்று செய்கிற வேலையையே போட்டேன். எஸ்க்யூஎல் என்பது தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுக்கும் மொழி; ஆள் தேடுபவர் அந்தப் பெயரைத் தட்டித்தான் தேடுவார். 'துடிப்பானவர்' என்று யார் தேடப் போகிறார்கள்?

யாருக்கு எழுதுவது என்பதற்குத்தான் அதிகம் யோசித்தேன். நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும், புதுச் செய்தி அரைகுறைப் பழக்கம் உள்ளவர்களிடமிருந்துதான் வரும் என்று மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-லேயே எழுதியிருக்கிறார். லிங்க்ட்இன்னில் உள்ள சுமார் 2 கோடிப் பேரின் 5 வருடத் தரவை வைத்து இதைச் சோதித்த ஆய்வு ஒன்று 2022-ல் 'சயன்ஸ்' இதழில் வந்தது. வேலை மாற அதிகம் உதவியது ரொம்ப நெருக்கமும் இல்லாத, அறவே ஒட்டாததும் இல்லாத நடுவாந்தரப் பழக்கம் என்பது அதன் முடிவு. சரி, அங்கிருந்தே ஆரம்பிப்போம் என்று, நான் போக நினைத்த வேலையில் இருக்கும் இரண்டாம் நிலை, அதாவது நமக்குத் தெரிந்தவருக்குத் தெரிந்த, கனெக்‌ஷன்களைத் தேடி எடுத்தேன். அதிலும் பெரிய பதவியில் இருப்பவர்களை விட்டுவிட்டு, என்னைவிட இரண்டு மூன்று வருடம் முன்னால் போனவர்களாகப் பார்த்தேன். அவர்களுக்குத்தான் நம் நிலைமை இன்னும் மறந்திருக்காது.

அனுப்பிய குறிப்பு இப்படி இருக்கும்: "வணக்கம். சப்போர்ட்டிலிருந்து அனலிடிக்ஸுக்கு நீங்கள் மாறியதைப் பார்த்தேன். நானும் அதே வழியில் முயல்கிறேன். முதல் வருடத்தில் எஸ்க்யூஎல், பவர் பிஐ இரண்டில் எது அன்றாடம் அதிகம் தேவைப்பட்டது?"

அவ்வளவுதான். (பவர் பிஐ என்பது தரவைப் படமாகக் காட்டும் மென்பொருள்.) ரெஸ்யூமே இணைக்கவில்லை, வேலை காலியா என்று கேட்கவில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தில் பதில் தட்டிவிடக்கூடிய கேள்வியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் என் கணக்கு. பலர் கண்டுகொள்ளவில்லை. ஒரு முறை நினைவூட்டிவிட்டு விட்டுவிடுவேன்.

பதில் சொன்னவர்களில் ஒருவர், "எஸ்க்யூஎல்தான். ஆனால் எழுதத் தெரிந்தால் போதாது, அடுத்தவர் எழுதியதைப் படிக்கத் தெரிய வேண்டும்" என்றார். ஒவ்வொரு வரிசைக்கும் தொடர்புள்ள மற்ற வரிசைகளையும் சேர்த்துக் கணக்கிடும் விண்டோ ஃபங்ஷன்களைப் பழகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டுப் போய்விடாமல், பழகிப் பார்த்து, மாதவாரிப் புகார் எண்ணிக்கையை ஒரு சார்ட்டாகப் போட்டுச் சில வாரம் கழித்து அவருக்கே அனுப்பினேன். கேட்டதைச் செய்துவிட்டுத் திரும்பி வருகிற ஆள் அபூர்வம்போல. போனில் பேசலாம் என்று அவரே சொன்னார்.

பேசும்போது அந்த சார்ட்டைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார்: "புகார் கூடியிருக்கிறதா, வாடிக்கையாளர்கள் கூடியிருக்கிறார்களா?" 1000 வாடிக்கையாளருக்கு எத்தனை புகார் என்று மாற்றிப் போட்டதும் ஏறிக்கொண்டே போன கோடு ஏறக்குறைய படுத்துவிட்டது. முன்னதையும் பின்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பதிவு போட்டேன். லைக் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அவருடைய முன்னாள் டீம் லீட் கீழே ஒரு கேள்வி கேட்டார், நான் பதில் எழுதினேன். அப்புறம் அந்த லீடின் டீமில் இடம் காலியானபோது ரெஃபரல் (உள்ளிருந்து பரிந்துரை) போட்டதும் அவர்தான். இன்டர்வியூவில் பாதி நேரம் இந்த சார்ட்டைப் பற்றியே பேச்சு.

ரெஃபரல் கேட்கும்போது எதிராளிக்கு வேலை வைக்கக் கூடாது. ஜாப் ஐடி (அந்தக் காலியிடத்தின் எண்), பிடிஎஃப் ரெஸ்யூமே, அவர் அப்படியே ஒட்டிவிடக்கூடிய மூன்று வரி அறிமுகம், மூன்றையும் ஒரே மெசேஜில் அனுப்பினேன்.

இடையில் ஒரு 'ரெக்ரூட்டரும்' வந்தார். இன்டர்வியூவே இல்லாமல் வேலை உறுதி என்றார்; பயிற்சிக்கு முன்பணம் கட்ட வேண்டுமாம், பேச்சை டெலிகிராமுக்கு மாற்ற வேண்டுமாம். ப்ரொஃபைலில் 'இந்த ப்ரொஃபைலைப் பற்றி' என்ற இடத்தில் கணக்கு எப்போது தொடங்கியது என்று பார்க்கலாம். பார்த்தேன், அந்த மாதம்தான் தொடங்கியிருந்தார். வேலை கொடுப்பதற்குப் பணம் கேட்கிற இடம் வேலை கொடுக்கிற இடம் இல்லை. பிளாக் செய்துவிட்டேன்.

வேலையில் சேர்ந்த வாரம், ஒரு வரி பதில் போட்டவர்கள் உட்பட எல்லோருக்கும் தகவல் சொன்னேன். அதில் ஒருவர் வாழ்த்திவிட்டு, "உங்கள் பழைய சப்போர்ட் டீமில் இப்போது ஆள் எடுக்கிறார்களா, என் தம்பிக்குக் கேட்கிறேன்" என்றார். எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜாப் ஐடியை அனுப்பி, தம்பியிடம் மூன்று வரி எழுதி வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன்.