அவருடைய பூட்டு

மார்ச் 3, செவ்வாய்

புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் இப்படிச் செய்வது மூன்றாவது முறை. சுத்தம் செய்யும் முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான். இயந்திரம் ஓட்டுகிறவர், பெல்ட் ஓடும்போதே கையை உள்ளே விட்டுச் சிக்கிய துணியை உருவினார்.

பத்து விரலும் இருக்கிறது. அதனாலேயே எல்லோருக்கும் நான் பெரிதுபடுத்துகிறவன்.

மார்ச் 4

தூக்கமில்லை.

மார்ச் 6, வெள்ளி

எச்.ஆரில் ஒரு மணி நேரம். உத்தரவு நியாயமானதா, அவர் வேலைக்குள் வருவதா, அவருக்குத் தெரியுமா? எல்லாவற்றுக்கும் ஆமாம். பயிற்சிப் பதிவேட்டில் அவர் கையெழுத்தே இருக்கிறது. மறந்தாரா, மீறினாரா? இங்கே இழுத்தேன். மறந்தவரைத் திரும்பப் பயிற்சிக்கு அனுப்பலாம், தெரிந்தே மீறியவர் கதை வேறு என்றார்கள்.

முதல் முறை நான் வாயால்தான் சொன்னேன். தாள் இல்லையென்றால் அது கணக்கில் வராதாம். என்னுடைய மூன்றாவது, கோப்பில் இரண்டாவது.

சஸ்பெண்ட் ஆகிவிட்டார். அவருடைய பூட்டு பலகையில் தொங்குகிறது. சாவி அவரிடமே.

மார்ச் 9

"சீக்கிரம் முடிங்கண்ணே." சொன்னேனா? சொன்னேன். அன்று காலை லோடு நின்றிருந்தது. பூட்டிவிட்டுத் திறக்க நாலு நிமிடம் ஆகும். பூட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை, சரி. அந்த நாலு நிமிடத்தை அவர் எங்கிருந்து எடுப்பார் என்று நினைத்தேன்?

மார்ச் 10

ராத்திரி போனில் சட்டம் படிக்கிறேன், எனக்கென்ன வேலையோ. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 158ஆம் உடன்படிக்கை, 1982. நடத்தையைக் காரணம் காட்டி ஒருவரை நீக்கும் முன், அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. அதே ஆண்டின் 166ஆம் பரிந்துரை, திரும்பத் திரும்பச் செய்தால்தான் வேலை போகும் என்கிற தவறுக்கு முன்கூட்டியே எழுத்தில் எச்சரித்திருக்க வேண்டும் என்கிறது.

நல்லவேளை, மெமோ கொடுத்தேன். நல்லவேளை என்று எழுதும்போதே கூசுகிறது.

மார்ச் 13, வெள்ளி

விசாரணை. அதிகாரி வேறு பிரிவுக்காரர். புகார் கொடுத்தவனே தீர்ப்பும் சொல்லக் கூடாதே, எனக்குச் சாட்சி நாற்காலிதான். அவர் துணைக்கு ஒரு சக தொழிலாளியைக் கூட்டி வந்திருந்தார். சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

என்னைக் குறுக்கு விசாரணை செய்யலாம் என்று அவரிடம் சொன்னார்கள். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

"தம்பிகிட்ட கேக்க ஒண்ணுமில்லங்க."

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

மார்ச் 14

சொல்லியிருப்பேனா?

மார்ச் 16

பூட்டு இன்னும் அங்கேயே. புதுப் பையன் ஒவ்வொரு முறையும் தன் பூட்டைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான்.

மார்ச் 17, செவ்வாய்

என் வாக்குமூலம் தட்டச்சாகி வந்திருக்கிறது. மூன்று பக்கம். தேதி, நேரம், மெமோ எண் எல்லாம் சரி. 'சீக்கிரம்' இல்லை. அந்த இயந்திரத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர் என்பதும் இல்லை. அது தேவையும் இல்லை.

பக்கத்துக்கு ஒரு கையெழுத்து. இரண்டு போட்டுவிட்டேன். மூன்றாவதன் அடியில் ஒரு வரி எழுத இடம் இருக்கிறது. நாளை காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும்.

மார்ச் 18

ஒன்பது நாற்பது.