3 லட்சம் ரூபாய் பாலிசியும் 47 நாள் பெரியாஸ்பத்திரியும்

அப்பா அம்மா பேரில் இருக்கும் மெடிக்ளெய்ம் பாலிசியைப் புதுப்பிக்கச் சொல்லி மெசேஜ் வந்திருக்கிறது. 39,400 ரூபாய். 2017இல் முதன்முதலாக எடுத்தபோது 16,800 கட்டினேன். தனிநபர் பாலிசிகளுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியை 2025 செப்டம்பர் 22 முதல் எடுத்துவிட்டார்கள். அது போயும் இந்தத் தொகை. கவரேஜ் மட்டும் அன்றைக்கும் 3 லட்சம், இன்றைக்கும் 3 லட்சம்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "எதுக்கு வருஷா வருஷம் கொண்டுபோய்க் கொட்டுற? மாமாவைப் பெரியாஸ்பத்திரிதானே காப்பாத்துச்சு, பேசாம விட்டுரு" என்றான். வீட்டுக்காரர், "நாளைக்கு ஒண்ணுன்னா உங்கப்பாவை வராந்தாவுல படுக்க வைக்க உனக்கு மனசு வருமா?" என்று கேட்டார். இரண்டு பேர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. 19 வருடமாக ஒரு மில்லில் கணக்குப் பார்க்கிறவள் நான். எதையும் எழுதிக் கூட்டிப் பார்த்தால்தான் எனக்குப் புரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் மாமா கதை. அம்மாவின் தம்பி, பிளம்பர் வேலை. 2023 ஆகஸ்டில் நாலு நாள் வயிற்றுப்போக்கு வந்து நின்றது. அடுத்த வாரம் பாதம் இரண்டும் மரத்துப்போன மாதிரி இருக்கிறது என்றார். வெயிலில் ஏணியில் நின்ற அலுப்பு என்று நினைத்தோம். மறுநாள் மாடிப்படி ஏற முடியவில்லை. அதற்கு மறுநாள் காபி டம்ளர் கையில் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்கு ஓடினோம். குயிலின் பாரே சிண்ட்ரோம் என்றார்கள். கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி உடம்பின் நரம்புகளையே தாக்கும் நோய். காலில் தொடங்கி மேலே ஏறும். மூச்சு விடும் தசை வரை ஏறினால் வென்டிலேட்டர்.

ஐ.வி.ஐ.ஜி. என்று ஒரு ஊசி மருந்து. மனித ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. உடம்பு எடைக்கு, கிலோவுக்கு 2 கிராம் கணக்கில் 5 நாளாகப் பிரித்து ஏற்ற வேண்டும். மாமா 62 கிலோ. மருந்துக்கு மட்டும் இரண்டரை லட்சம் ஆகும், ஐ.சி.யூ. வாடகை, வென்டிலேட்டர் எல்லாம் தனி என்றார்கள். மூன்று நாளில் 1,86,000 கட்டியிருந்தோம். அத்தையின் வளையலும் செயினும் அடகுக்குப் போயிருந்தன. மூன்றாம் நாள் ராத்திரி அங்கே இருந்த இளம் டாக்டர் ஒருவர் அத்தையைத் தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, இது வாரக்கணக்குல போற நோய். பொழைச்சுக்குவாரு, ஆனா உங்களால தாங்க முடியாது. இருக்கறதையெல்லாம் விக்கிறதுக்கு முன்னாடி இப்பவே மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போயிருங்க" என்றார். அவர் முகம் இன்றைக்கும் நினைவில் இருக்கிறது. எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாமா 47 நாள் இருந்தார். அதில் 22 நாள் வென்டிலேட்டர். தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். அதே ஐ.வி.ஐ.ஜி. மருந்து, 5 நாளும் ஏற்றினார்கள். எவ்வளவு கட்ட வேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆறாம் நாள், நர்ஸிடம் போய், "மருந்துக்கு பில் எங்க கட்டணும்?" என்று நானே கேட்டேன். அவருக்கு நான் கேட்டதே புரியவில்லை.

அந்த இடத்தின் கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். இரண்டு பேர் பார்க்க வேண்டிய வார்டில் ராத்திரி ஒரே நர்ஸ். ஐ.சி.யூ.வுக்கு வெளியே வராந்தாவில் அத்தையும் மாமா பையனும் பாயைப் போட்டுப் படுத்தார்கள். கூட வந்தவர்களுக்கான கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது. அத்தை அந்த 47 நாளும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, கடைசியில் அவருக்கே நீர்க்கடுப்பு வந்தது. ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் ஸ்கேனுக்குப் போகும்போது 100, வரும்போது 100 வாங்கினார். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வந்தால் இரண்டு நிமிடம். கேள்வி கேட்டால் பாதிப் பதில்தான் கிடைக்கும், அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டும் அவர்களுக்கு.

சாப்பாடு, டீ, ஆட்டோ, வெளியே எடுத்த ஒரு டெஸ்ட் எல்லாம் சேர்த்து 31,000 ஆனது. அத்தை ஜாக்கெட் தைப்பவர். ஒரு நாளைக்கு 400 என்று வைத்தால் 47 நாளுக்கு 18,800 போயிற்று. அரசு ஆஸ்பத்திரி இலவசம் என்று எல்லோரும் சொல்கிறோம். இந்த 18,800ஐ யாரும் எழுதுவதில்லை. அங்கே வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் ஒரு நாள் கூலியை வைத்துவிட்டுத்தான் நிற்கிறார்கள். இரண்டையும் கூட்டினால் 49,800.

சரி, இனி அப்பா கணக்கு. 2022இல் பித்தப்பைக் கல். பாலிசி இருக்கிறதே என்று தைரியமாக நல்ல தனியார் மருத்துவமனைக்கே போனோம். போன அன்றே அட்மிஷன், மறுநாள் காலை ஆபரேஷன், சர்ஜன் உட்கார்ந்து படம் வரைந்து விளக்கினார். அம்மா கூடவே தங்க ஒரு கட்டில். இதற்குத்தானே பணம் கட்டினோம் என்று நிம்மதியாக இருந்தது. கேஷ்லெஸ், அதாவது பில்லைக் காப்பீட்டுக் கம்பெனியே நேரடியாக ஆஸ்பத்திரிக்குக் கட்டிவிடும் என்று சொல்லியிருந்தார்கள்.

நான்காம் நாள் காலை 10 மணிக்கு டிஸ்சார்ஜ் என்றார்கள். ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வந்தோம். காப்பீட்டுக் கம்பெனியின் ஒப்புதலுக்காக அத்தனை நேரம். (டிஸ்சார்ஜ் ஒப்புதலை 3 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று காப்பீட்டுக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024இல்தான் உத்தரவு போட்டது.) பில் வந்ததும் 44,400 கட்டச் சொன்னார்கள். எனக்குத் தலை சுற்றியது. அந்த கவுண்டரிலேயே நின்று ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன்.

எங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு கவரேஜில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000. காலியாக இருந்த அறை 4,500. 4 நாளுக்கு 6,000தானே கூட ஆகும், கட்டிவிடலாம் என்று எடுத்தோம். விஷயம் அப்படி இல்லை. 3,000க்கும் 4,500க்கும் என்ன விகிதமோ, அதே விகிதத்தில் சர்ஜன் ஃபீஸ், மயக்க மருந்து டாக்டர், ஆபரேஷன் தியேட்டர் எல்லாவற்றையும் குறைத்துத்தான் கொடுப்பார்கள். அந்த வகையில் 96,000 பில். அதில் மூன்றில் ஒரு பங்கு, 32,000, எங்கள் தலையில். கையுறை, மாஸ்க் போன்றவற்றுக்குக் கொடுக்க முடியாது என்று ஒரு பட்டியல், 6,400. கூட்டிப் பாருங்கள், 44,400.

பாலிசியை விற்றவர் இதைச் சொல்லவில்லை. அட்மிஷன் டெஸ்க்கில் அறையைக் காட்டியவர்களும் சொல்லவில்லை. பாலிசிப் புத்தகத்தில் அச்சாகியிருந்தது, உண்மைதான். தினமும் வவுச்சர் பார்க்கிற நானே அதைப் படிக்கவில்லை என்றால், மற்றவர்கள் எங்கே படிப்பார்கள்? உங்களிடம் பாலிசி இருந்தால் இன்றைக்கே எடுத்து அறை வாடகை வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். வரம்பு இருந்தால் அதற்கு உட்பட்ட அறையை மட்டும் கேளுங்கள். தகராறு வந்தால் முதலில் கம்பெனியில் எழுத்தில் புகார், அப்புறம் காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் ஆம்புட்ஸ்மேன். சென்னையில் அலுவலகம் இருக்கிறது, கட்டணம் கிடையாது.

பாலிசி வைத்திருந்த அப்பாவுக்கு 4 நாளில் கையிலிருந்து போனது 44,400. பாலிசியே இல்லாத மாமாவுக்கு அரசு ஆஸ்பத்திரியின் 47 நாளில் 49,800. மாமாவுக்கு வந்தது அப்பாவுக்கு வந்திருந்தால், 3 லட்சம் பாலிசி ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. அதற்குப் பிறகும் அப்பா வென்டிலேட்டரில் இருந்திருப்பார், நாங்கள் வீட்டுப் பத்திரத்தைத் தேடியிருப்போம். பெரியாஸ்பத்திரியில் கஷ்டம் உண்டு, அவமானம் உண்டு, ஆனால் "உங்க தொகை முடிஞ்சுபோச்சு" என்ற பேச்சு கிடையாது. இந்த ஒரு விஷயத்தைத்தான் நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்மாவுக்கு 14 வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். இத்தனை வருடம் கட்டிய பிரீமியத்தில் அம்மாவின் ஒரு மாத்திரைக்குக்கூட வழியில்லை. படுக்கையில் சேர்ந்தால்தான் எங்கள் பாலிசி கண் திறக்கும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு பெண் வருகிறார். பிரஷர் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்து, போன தடவை எவ்வளவு இருந்தது என்று நோட்டில் காட்டுவார். மாதம் 1,100 ரூபாய் மிச்சம். அதைவிடப் பெரிது, அம்மா மாத்திரையை விடுவதில்லை. "அந்தப் பிள்ளை வந்து திட்டும்" என்பார்.

இந்த மாத்திரை எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை தேடிப் படித்தேன். 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். மாநிலம் முழுவதற்கும் மொத்தமாக டெண்டர் போட்டு வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறார்கள். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் பேங்கில் இருப்பது போல ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் தேவையான மருந்தை எடுத்துக்கொள்ளலாம். கணக்குப் பார்க்கிறவள் என்பதாலோ என்னவோ, அதைப் படித்தபோது மனசு நிறைந்தது. மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும் என்பது மளிகைக் கடையில் தெரிந்ததுதான். அதை ஒரு மாநிலமே செய்திருக்கிறது.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று கேட்பீர்கள். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. இப்போது குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. எங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு அக்கா அந்த அட்டையால்தான் பக்கத்து ஊர்த் தனியார் மருத்துவமனையில் செய்துகொள்கிறார். நல்ல திட்டம். ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும். மாதம் 10,000. மாமாவும் அத்தையும் சேர்ந்து மாதம் 20,000 சம்பாதிக்கிறார்கள். வி.ஏ.ஓ. உண்மையைத்தான் எழுதிக் கொடுத்தார், அட்டை கிடைக்கவில்லை. அந்த 20,000த்தில் பிரீமியம் கட்டவும் முடியாது. கொத்தனார், டெய்லர், கடைப் பையன், ஆட்டோ ஓட்டுகிறவர் என்று நம் ஊரில் பாதிப் பேர் இந்த இடைவெளியில்தான் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பெரியாஸ்பத்திரியை விட்டால் வேறு ஒன்றும் இல்லை.

அதனால் எனக்கு ஒரு ஆதங்கம். என் மாதிரி ஆட்கள் பாலிசி எடுத்துக்கொண்டு அங்கிருந்து வெளியேறிவிட்டோம். கழிப்பறை சரியில்லை என்று மனு எழுதத் தெரிந்தவர்கள், ஆஸ்பத்திரித் தலைவரான டீனைப் போய்ப் பார்க்கத் துணிகிறவர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாம் தனியாரின் ஏசி அறையில் இருக்கிறோம். வராந்தாவில் படுத்திருக்கும் அத்தைக்கு, கேட்டால் உள்ளே இருக்கிற புருஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். அட்டைத் திட்டத்தின் பணத்தில் தனியாருக்குப் போகும் பங்கைப் பார்க்கும்போது, அதில் எத்தனை நர்ஸ் போடலாம் என்றுதான் என் மனம் கணக்குப் போடுகிறது. டயாலிசிஸ் அக்காவை நினைத்தால் அந்தக் கணக்கை அப்படியே சொல்லவும் வாய் வரவில்லை. அவருக்குப் பெரியாஸ்பத்திரி 40 கிலோமீட்டர்.

பிரீமியத்தைக் கட்டிவிட்டேன். அப்பாவுக்கு 69 வயது. ஒரு வருடம் விட்டால், மறுபடி எடுக்கும்போது ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குப் பணம் கொடுக்காத காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். கண்புரை, மூட்டு என்று நாள் குறித்துச் செய்யும் சிகிச்சைக்கு அது இருக்கட்டும். பெரிதாக எதுவும் வந்தால் எங்கே போவது என்று வீட்டில் எல்லோரிடமும் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். அண்ணன் பாதியைத் தருகிறேன் என்றிருக்கிறான்.

மாமா ஒன்பது மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். ஏணி ஏறுவதில்லை, தரைமட்ட வேலை மட்டும். வியாழக்கிழமை நியூரோ ஓ.பி.யில் அவருக்கு ரிவ்யூ. அரை நாள் லீவு சொல்லியிருக்கிறேன். காலை 7 மணிக்கே போய்ச் சீட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு, கூட வருபவர்களின் கழிப்பறை பற்றி அத்தையும் நானும் எழுதிய மனுவை டீன் அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் சீல் வாங்க வேண்டும். ஐ.சி.யூ. வராந்தாவில் அன்றைக்குப் படுத்திருப்பவர்களிடமும் கையெழுத்து வாங்க, கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.