லயனுக்கு ஒரு மூலை: மார்ச் நாட்குறிப்பு

மார்ச் 3

என் கடல்நீர்த் தொட்டியிலிருக்கும் லயன் மீன் இன்றும் சாப்பிடவில்லை. இடது பாறைக்கு அடியில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டு, விசிறிச் செட்டைகளை ஒடுக்கிக்கொண்டு கிடக்கிறது. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிய இறாலை இடுக்கியில் பிடித்துக் காட்டினேன். கண் சுழன்றது. மெல்ல நழுவி வெளியே வந்தது. ஒரு சாண் தாண்டியதும் வேவ்மேக்கரின் (தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பு) வீச்சு பக்கவாட்டில் தள்ள, வந்த வழியே திரும்பிவிட்டது. இறாலை மஞ்சள் டேங் மீன் கொத்திக்கொண்டு போனது. அதற்கு இந்த வேகமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

மார்ச் 4

ஊரில் மனைவி போன் எடுக்கவில்லை. செக்கப்புக்குப் போயிருப்பார்கள்.

மார்ச் 5

செக்கப்தான். எல்லாம் நன்றாக இருக்கிறதாம், பிரசவத் தேதி 22 என்றே சொல்கிறார்களாம். "நீங்க முன்னாடியே வர வேணாங்க, லீவு வீணாப் போயிடும்" என்கிறாள். நான் கேட்டது அதையல்ல. கால் வீக்கம் குறைந்ததா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

தொட்டி. நான்கு அடி, ஏறத்தாழ 400 லிட்டர். மேல் பாறையில் அக்ரோபோரா என்ற கிளைப் பவளம், நடுவில் டார்ச், ஹேமர் பவளங்கள், கீழே குட்டை இனமான ஸீப்ரா லயன். அக்ரோபோரா வளர்ப்பவர்கள் தொட்டிக் கொள்ளளவைப் போல மணிக்கு 40 மடங்காவது தண்ணீர் புரள வேண்டும் என்பார்கள். என் தொட்டிக்கு அது 16,000 லிட்டர். டார்ச்சுக்கு 20 மடங்கே தாராளம். மீன் மட்டும் வைத்திருப்பவர்கள் 10 மடங்கிலேயே நிம்மதியாக இருக்கிறார்கள். ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் இந்த மூன்றும் வேண்டும்.

கடைக்காரர் சொல்கிறார்: நடுவாக 25 வைத்துவிடு. இதைவிட மோசமான யோசனை இருக்க முடியாது. நடு வேகத்தில் அக்ரோபோராவின் கிளை இடுக்குகளில் தூசி தங்கும், அடியிலிருந்து தோல் வெளுக்க ஆரம்பிக்கும். அந்த வேகம்கூட லயனுக்கு அதிகம். ஒருவருக்கும் பிடிக்காத தண்ணீரை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுக் கொடுத்த மாதிரி ஆகும்.

பவளம் இருந்த இடத்தைவிட்டு நகராது. ஆக்சிஜன், சாப்பாடு, கழிவு எல்லாவற்றையும் தண்ணீர்தான் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எடுத்துப் போக வேண்டும். அதன் தோலை ஒட்டி அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எப்போதும் நிற்கும். ஓட்டம் கூடக்கூட அந்தப் படலம் மெலியும், பரிமாற்றம் சுலபமாகும். ஆகவே அக்ரோபோராவிடம் பேரம் பேச முடியாது. லயனிடம்தான் பேச வேண்டும், அல்லது பாறையிடம்.

மார்ச் 7

இடது மூலையில் மணல்மேல் சிவப்பாக ஏதோ.

மார்ச் 8

லீவு போட்டுவிட்டுப் பாறைகளை மாற்றினேன். முதலில் ஒரு சோதனை. மீனுக்குப் போடும் குட்டி இறாலான உறைந்த ஆர்ட்டீமியாவைக் கரைத்த கலங்கல் நீரை ஒரு கரண்டி மேலே ஊற்றிவிட்டு, விளக்கை ஒரு பக்கம் மட்டும் எரியவிட்டுப் பார்த்தேன். துகள்கள் வலது வேவ்மேக்கரிலிருந்து நேர்க்கோடாகப் பாய்ந்து, டார்ச்சின் மூன்றாவது தலையில் போய் அறைகின்றன. அந்தத் தலை மட்டும் ஒரு வாரமாக ஏன் பாதி சுருங்கியே இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. டார்ச்சின் சதை எலும்பு விளிம்பில் மெல்லிசாகத்தான் ஒட்டியிருக்கும். ஒரே திசையில் விடாமல் அடித்தால் கூரான விளிம்பில் உரசி உரிந்துவிடும்.

வலது வேவ்மேக்கரை முன்பக்கக் கண்ணாடியை நோக்கிச் சாய்த்தேன். வீச்சு கண்ணாடியில் பட்டு உடைந்து அகலமாகப் பரவுகிறது. இடதை மேல்மட்டத்துக்கு ஏற்றி, இரண்டும் மாறிமாறி ஓடும்படி வைத்தேன். டார்ச்சின் விரல்கள் ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மறுபக்கம் சாய்ந்தன. இதுதான் வேண்டியது. பம்பின் வேகத்தை நான் குறைக்கவே இல்லை, 65 சதவீதம் அப்படியே இருக்கிறது.

கீழே இரண்டு தட்டைக் கற்களைக் குறுக்கே நிறுத்தி லயனுக்கு ஒரு மறைப்பு. உள்ளே ஊற்றிய கலங்கல் நீர் புகை போல நின்றது.

அப்படி நின்றதுதான் இப்போது கவலை.

மார்ச் 9

பன்னிரண்டு மணிக்குப் பேசினாள். அங்கே ஒன்பதரை. அத்தை பக்கத்தில் இருந்ததால் நிறையப் பேசவில்லை. "உங்க சிங்கம் சாப்பிட்டுச்சா?" என்றாள். இல்லை என்றேன். "நீங்க?" என்றாள்.

தூக்கம் வராமல் பெரிய லயன்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். இந்தோ-பசிபிக்கைச் சேர்ந்தவை, 1985-ல் ஃப்ளோரிடா பக்கம் தென்பட்டு, பிறகு கரீபியன் முழுக்கப் பரவிவிட்டன. அவை இரையை நெருங்கும்போது வாயால் நீரை ஊதுமாம். 2012-ல் வந்த ஆய்வு. சின்ன மீன்களுக்கு நீரோட்டத்தை எதிர்த்து முகம் திருப்பும் பழக்கம் உண்டு. ஊதியதும் ஓட்டம் என்று நினைத்துத் திரும்பும், தலையோடு வாய்க்குள் போகும். அதாவது தனக்கு வேண்டிய ஓட்டத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் பிராணி. என்னுடையது குட்டை இனம், செத்த இறாலுக்கு எதற்கு ஊதப்போகிறது!

மார்ச் 10

சிவப்பு பரவுகிறது. சயனோபாக்டீரியாதான், பாசி அல்ல. மறைப்புக்குப் பின்னால், நீர் நிற்கும் அதே இடத்தில், விரலால் தொட்டால் துணி போல உரிந்து வருகிறது. லயன் முன்பு துப்பிய இறால் துணுக்குகளும் அங்கேதான் தங்கியிருக்கின்றன. நைட்ரேட் 20-ஐத் தாண்டிவிட்டது. மாமிசம் தின்னும் மீனும் அக்ரோபோராவும் ஒரே தொட்டியில் இருந்தால் வருகிற தகராறு இதுதான்: ஒன்றுக்குப் போடுகிற சாப்பாடு இன்னொன்றுக்கு அழுக்கு. கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரின் கோப்பை தினமும் நிரம்புகிறது.

தட்டைக் கல் இரண்டையும் சின்னக் கற்கள்மேல் ஏற்றி, அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டேன். கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டியான சம்பிலிருந்து மேலேறும் குழாயின் ஒரு வாயைப் பின்பக்கம் திருப்பினேன். இப்போது மறைப்புக்குப் பின்னால் மெல்ல, ஆனால் நிற்காமல் ஓடுகிறது. புயலும் வேண்டாம், குட்டையும் வேண்டாம். மிச்சச் சிவப்பைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்தேன்.

மார்ச் 11

யாரும் எனக்கு அறிவுரை சொல்லாமல் இருந்தால் போதும்.

மார்ச் 12

"இரவில் வேவ்மேக்கரை அணைத்துவிடு, மீன் தூங்கட்டும்" என்று கடையில் ஒருவர் சொன்னார். பகலில் பவளத்துக்குள் இருக்கும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜன் தருகிறது. விளக்கு அணைந்தபின் எல்லாமே வாங்குகிற பக்கம்தான்: பவளம், மீன், பாக்டீரியா, மணல். விடியற்காலையில்தான் ஆக்சிஜனும் பிஹெச்சும் அடிமட்டத்துக்குப் போகும். வயிறு நிறைந்த வேட்டை மீனுக்குச் செரிக்கவே கூடுதல் ஆக்சிஜன் வேண்டும். அந்த நேரத்தில் மேல்மட்டத்தைச் சலனமில்லாமல் விடுவதா? இரவுக்கு 40 சதவீதம். அதற்குக் கீழே இறக்க மாட்டேன்.

தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் சத்தம் இன்று கொஞ்சம் மாறி ஒலிக்கிறது. 26 டிகிரியில்தான் நிற்கிறது. நான்தான் அதிகமாகக் காது கொடுக்கிறேனோ என்னவோ.

விமான டிக்கெட்டை 18-க்கு மாற்றலாமா?

மார்ச் 13

காலையில் லயனின் உடம்பெல்லாம் மங்கலாக, வெண்படலம் போர்த்தியது போல இருந்தது. கண்ணிலும் மங்கல். நோய் என்றே முடிவு செய்து, தனித்தொட்டிக்குத் தண்ணீர் கலக்கத் தொடங்கிவிட்டேன்.

பதினொரு மணிக்கு அதுவாகவே வெளியே வந்தது. நேராக மேல் பாறைக்குப் போய், அக்ரோபோராவுக்குப் பக்கத்தில், ஓட்டம் அடிக்கிற இடத்திலேயே நின்றது. வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி. முள்ளையெல்லாம் விறைத்துக்கொண்டு இரண்டு முறை உதறியது. தோளிலிருந்து கண்ணாடிக் காகிதம் போல ஒரு படலம் கிழிந்து, ஓட்டத்தில் சுழன்று, நீர் வழிந்து வெளியேறும் வழிவாய்க்குள் போனது. அடியில் புதுச் சிவப்பு வரிகள். லயன் சேர்ந்த தேள்மீன் குடும்பத்துக்குத் தோலின் மேற்படலத்தை இப்படி உரிக்கும் வழக்கம் உண்டு. லெதர் பவளமும் இதைத்தான் செய்யும்: வாரக்கணக்கில் மூடிக் கிடந்து, மெழுகுப் படலத்தை உதிர்க்கும். நல்ல ஓட்டம் இருந்தால் சீக்கிரம் கழன்றுவிடும்.

வேலை முடிந்ததும் கற்களுக்குப் பின்னால் போய்விட்டது. அப்படியென்றால் ஓட்டத்தின்மேல் அதற்கு வெறுப்பு ஒன்றுமில்லை. போகவும் ஒதுங்கவும் இடம் இருந்தால் தனக்கு எது வேண்டும் என்று தானே பார்த்துக்கொள்கிறது.

அவளிடம் சொன்னேன். "தோல் உரிக்குதா, பாம்பு மாதிரியா?" என்று சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள்.

மார்ச் 14

சாப்பிட்டது!

இங்கே இப்போது ஏழே கால் வாக்கில் சூரியன் மறைகிறது. லயன்கள் இயற்கையில் பெரும்பாலும் அந்தியிலும் விடியலிலும் வேட்டைக்குக் கிளம்பும். ஓதம் திரும்பும் இடைவேளையில் பவளத்திட்டிலும் நீர் சற்று நேரம் சோம்பி நிற்கும். தெற்குத் தீவுகள் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். எனவே ஏழு மணிக்கு இருபது நிமிடம் 15 சதவீதம், பிறகு தானாகவே ஏற வேண்டும் என்று அமைத்தேன். ஏழு ஐந்துக்கு வந்தது. இறாலை இடுக்கியிலிருந்து உறிஞ்சிய வேகத்தில் டேங் திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு துண்டு.

மூன்றாவது மாடித் தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் ஊரில் இல்லாதபோது அவன்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"அண்ணே, கொட்டுமாண்ணே?"

"முதுகு முள்ளுல விஷம் இருக்கு. கைய உள்ள விடாத. குத்திட்டா, தாங்குற அளவு சூடான தண்ணியில கைய வச்சுக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போ."

அவன் முகம் மாறியது. அந்த விஷம் சூட்டில் செயலிழக்கும், 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று விளக்கினேன். விளக்கியிருக்க வேண்டாம்.

மார்ச் 16

டார்ச்சின் மூன்றாவது தலை முக்கால்வாசி விரிந்திருக்கிறது. மூலையில் சிவப்பு இல்லை. அவளுக்குக் கால் வீக்கம் இருக்கிறதாம், ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதலாம். அதைச் சொன்னது அவள் அல்ல, மாமா.

மார்ச் 17, விடியற்காலை

அத்தை போன். வலி எடுத்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்கள். காலைத் திருச்சி விமானத்தில் ஒரு இடம் கிடைத்தது. சாவி தம்பியிடம். லயனுக்கு வாரம் இரண்டு முறை போதும், பட்டினி கிடந்தாலும் ஒன்றும் ஆகாது, அதிகம் போட்டால்தான் ஆபத்து. ஏழு இருபதுக்கு மேல் வேவ்மேக்கர் இரண்டும் திரும்ப வேகம் எடுக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும், எடுக்கவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி