214 மீட்டர்

ஜனவரி 7
உகாண்டா, ருவென்சோரி மலைத்தொடரின் அடிவாரம், நியாகலெங்கிஜா. போக வேண்டியது அதன் உச்சியான மார்கரிட்டாவுக்கு. மழை. பைகளை எடை போட்டுப் போர்ட்டர்களிடம் கொடுத்தாயிற்று.

ஜனவரி 8
நியாபிட்டாபா குடில், 2,651 மீட்டர். வழியெல்லாம் காடு. மச்சான் இரண்டு தடவை இருமினான். தொண்டை வறட்சி என்கிறான்.

ஜனவரி 9
மூங்கில் காட்டைத் தாண்டியதும் பாசி தொடங்கியது. வேர், கல், விழுந்த மரம் எல்லாவற்றையும் அது மூடியிருக்கிறது. எதன்மேல் மிதிக்கிறோம் என்று மிதித்த பிறகுதான் தெரிகிறது. ஜான் மாத்தே குடிலில் நைரோபிக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "கிளிமஞ்சாரோ ஏறியாச்சா?" ஆச்சு. "கென்யா மலை?" லெனானா வரைக்கும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

லெனானா 4,985. உச்சியான பட்டியன் 5,199. நடுவில் 214 மீட்டர். அது நடக்கிற தூரம் இல்லை, பாறை. கயிறு கட்டி, கட்டம் கட்டமாக ஒரு நாள் முழுக்க ஏற வேண்டும். 1899-ல் மெக்கிண்டர் குழு ஏறிய பிறகு முப்பது வருடம் யாராலும் அதைத் தொட முடியவில்லை. உச்சிக்கு மசாய் தலைவர் ம்பட்டியனின் பெயர். நான் நின்றது அவர் மகன் லெனானாவின் பெயரில். ஆப்பிரிக்காவின் மூன்று பெரிய மலைகள் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டாவதற்கு எதிரே டிக் போடக் கை வரவில்லை. போட மாட்டேன்.

ஜனவரி 10
பிகோ சதுப்பு. கம்பூட்ஸ் இல்லாமல் இங்கே ஓர் அடி வைக்க முடியாது. ஆள் உயரத்தைத் தாண்டிய லொபீலியாச் செடிகள், தலையில் இலைக்கொத்து வைத்த கிரவுண்ட்செல் மரங்கள். இந்த உயரத்தில் இவ்வளவு பச்சையை நான் எங்கேயும் பார்த்ததில்லை. நாள் முழுக்க அண்ணாந்தே நடந்தேன், கழுத்து வலிக்கிறது.

புஜுகு குடில், 3,962. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டரில் எனக்கு 88, மச்சானுக்கு 83. அவன் விரலைத் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தான். 83. விரல் குளிர்ந்திருந்தால் குறைத்துக் காட்டும், அது உண்மைதான். ஆனால் என் விரலும் குளிர்ந்துதான் இருந்தது.

ஜனவரி 11
எலேனா குடில், 4,541. அவனுக்கு 74.

இரவெல்லாம் அந்த இருமலையே கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். வறட்டு இருமலா, சளி கலந்ததா? நடக்கும்போது மூச்சு வாங்குவது இங்கே எல்லோருக்கும் உள்ளது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் வாங்கினால் அது நுரையீரலில் நீர் கோக்கும் அறிகுறி. சளியில் இளஞ்சிவப்பு நுரை வரும்வரை காத்திருக்கக் கூடாது. அதற்கு மருந்து இறங்குவதுதான், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. உயரம் ஒத்துக்கொள்ளப் போடும் மாத்திரை டயமாக்ஸ், இரண்டு பேரும் போடுகிறோம். எனக்கு விரல் நுனியெல்லாம் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது. அவன் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். மூச்சை எண்ணுகிறேன். விட்டுப்போகிறது, மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன்.

ஜனவரி 12
மூடுபனி, காற்று. இன்று ஏற்றம் இல்லை என்று கைடு சொல்லிவிட்டார்.

காலையில் மச்சானே சொன்னான், "நான் எறங்கிடறேன்டா." இரண்டாவது கைடும் ஒரு போர்ட்டரும் கூடப் போகிறார்கள், கீழே இருக்கும் கிடண்டாரா குடில் வரைக்கும். நானும் வருகிறேன் என்று பையை எடுத்தேன். "நீ மேல போயிட்டு அந்த வழியாத்தானே வரப்போற? பேசாம இரு." ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிர வெகுநேரம் ஆனது. நான்தான் கட்டிவிட்டேன்.

இருட்டுவதற்குள் ரேடியோவில் செய்தி வந்தது: போய்ச் சேர்ந்தான், சூப் குடித்தான். எண் எவ்வளவு என்று கேட்கச் சொன்னேன். ஆக்சிமீட்டர் என் பையில் இருக்கிறது.

ஜனவரி 13
மார்கரிட்டா. 5,109. காலை 7:40.

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். முதலில் ஈரப் பாறை, பிறகு ஷூவுக்கு அடியில் கிராம்பான் முள் மாட்டிக்கொண்டு ஸ்டான்லி பனிவெளி. அதைக் கடந்து மறுபடி பாறையில் இறங்கி, கடைசியாக மார்கரிட்டா பனிப்பாறை. நல்ல சரிவு. ஐஸ் ஆக்ஸ் இறங்கிய இடத்திலெல்லாம் உள்ளே தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கைடு ஓரிடத்தில் நின்று, தான் முதன்முதலில் வந்தபோது பனி எந்த உயரத்தில் இருந்தது என்று கையைத் தூக்கிக் காட்டினார். ஹெட்லாம்ப் வெளிச்சம் எட்டிய இடமெல்லாம் வெறும் பாறை. 1906-ல் இத்தாலியக் கோமகன் அப்ரூஸ்ஸி இங்கே ஏறியபோது ருவென்சோரியின் ஆறு மலைகளிலும் பனிப்பாறை இருந்தது. எமின், கெஸ்ஸி, லூயிஜி டி சவோயா மூன்றிலும் இப்போது இல்லை. எனக்குக் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால், பெயர் சொல்ல ஆளில்லாத கோபம்.

மேலே ஒரு பக்கம் உகாண்டா, மறுபக்கம் காங்கோ. காங்கோப் பக்கம் மேகம் திறந்து, கீழே காடு முழுக்கத் தெரிந்தது. அழுதேன். இதற்கு மேல் மீட்டர் எதுவும் பாக்கியில்லை என்பதே பெரிய நிம்மதியாக இருந்தது. கைடு கையைப் பிடித்துக் குலுக்கினார். உடனே இறங்கலாம் என்றேன்.

இரவு, கிடண்டாரா. அவனுக்கு 81. இருமல் இருக்கிறது, சளி வெள்ளைதான். "உச்சியா?" என்று கேட்டான். உச்சி என்றேன். "சரி, அடுத்தது பட்டியன்" என்று சொல்லும்போதே இருமல் வந்துவிட்டது.

ஜனவரி 14
காலை 79. ராத்திரியைவிடக் குறைவு.

இங்கே உயரம் 4,023. வெளியே போக இரண்டே வழி, இரண்டுக்கும் முதலில் ஏற வேண்டும். வந்த பக்கம் திரும்பினால் ஸ்காட் எலியட் கணவாய், 4,372. முன்னே போனால் ஃப்ரெஷ்ஃபீல்டு, 4,282. அதற்கு 259 மீட்டர் ஏற்றம். தாண்டிவிட்டால் பிறகு முழுக்க இறக்கம். கைடு ஃப்ரெஷ்ஃபீல்டு என்கிறார், எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. அவன் பையைப் பிரித்து மூன்று பேர் எடுத்துக்கொள்கிறோம். இருபது அடிக்கு ஒருமுறை நிற்பது. ஐந்தரைக்கே கிளம்பியிருக்க வேண்டும், மழை விடவில்லை. இப்போது ஆறே கால். கம்பூட்ஸை மாட்டிக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். மறுபடி விரலை வைக்கச் சொன்னேன். 80.

கூப்பிடுகிறார்கள்.